சேனைப் பூ மேல் விழுந்த பழி

முன்னொரு காலத்தில், மேற்கே மலையும் கிழக்கே வயலுமாகக் கிடந்த ஒரு நாட்டில், பூ என்றால் உயிரை விடுகிற ராஜா ஒருவர் இருந்தார். உயிரை விடுவார் என்றால் தம் உயிரை அல்ல, அடுத்தவர் உயிரை. நந்தியாவட்டைப் பதியனைத் தெரியாமல் மிதித்துவிட்ட குதிரைக்காரன் ஒருவன் அந்த ஊரில் நொண்டிக்கொண்டு திரிந்தான். அவனைப் பார்த்த பிறகு சனங்கள் எந்தப் பூச்செடியையும் பத்தடி தள்ளியே சுற்றிப் போனார்கள்.

அந்த ராஜாவின் சபையில் விகடம் சொல்லிப் பிழைத்தவன் மாசிலான். ராஜா வாய்விட்டுச் சிரித்த நாளில் கசையடி பாதியாகக் குறையும் என்பது ஊரறிந்த சங்கதி. அதனால் மாசிலான் காலையில் அரண்மனைக்குள் நுழையும்போதே காவற்கூடத்துப் பக்கம் பார்த்து, இன்றைக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போவான். விளையாட்டுப் பேச்சுதான் அவன் தொழில். ஆனால் அதை அவன் விளையாட்டாகச் செய்ததில்லை.

ஒரு நாள் ராஜா பூசணிக் கொடியில் தேனீ மொய்ப்பதைப் பார்த்தார். பக்கத்திலேயே முருக்கமரம் உச்சி முதல் அடிவரை சிவப்பாகப் பூத்து நின்றது. அதில் ஒரு தேனீகூட இல்லை.

"என் மரத்துப் பூவை இந்த ஈக்கள் ஏன் மதிக்கவில்லை?" என்று கேட்டார்.

பிரதானி மருதவாணர் கைகட்டி முன்னே வந்தார். "மகாராஜா, மணமில்லாத மரம் அரண்மனைக்கு ஆகாது. உத்தரவானால் வெட்டிவிடலாம்."

"வெட்டுவதற்கு முன்னால் மரத்தை ஒரு வார்த்தை விசாரிக்கலாமே, மகாராஜா" என்றான் மாசிலான். "மரத்துக்கு வாய் இல்லை. மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறவனுக்கு உண்டு."

அப்படித்தான் தோட்டக்காரன் செங்கோடன் முதன்முதலாக ராஜாவின் முன்னால் வந்து நின்றான். மண் அப்பிய கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு பேசினான்.

"முருக்கு தேனீயைக் கூப்பிடலைங்க, மகாராஜா. மைனாவைக் கூப்பிடுது. பறவைக்கு மோப்பம் கம்மி, அதனால வாசம் வைக்கலை. கண்ணு கூர்மை, அதனால சிவப்பு. மைனா வந்து உக்காந்தா கனம் தாங்கணுமில்லைங்களா, அதான் இதழெல்லாம் தோலு மாதிரி தடிப்பு."

"பூசணி?"

"அது தேனீக்குங்க. விடியும்போது விரிஞ்சு, வெயில் ஏறுறதுக்குள்ள வாயை மூடிக்கும். ஆண்பூ வேற, பெண்பூ வேற. தேனீ போய் வரலைன்னா பிஞ்சு வெம்பி விழுந்துரும்."

ராஜாவுக்கு ருசி தட்டிவிட்டது. மரமல்லி ஏன் வெள்ளை என்றார். அதற்கு அந்திக்கு மேல்தான் விருந்தாளி, நீள நாக்குள்ள அந்துப்பூச்சி, இருட்டில் சிவப்பு எடுபடாது, வாசத்தைப் பிடித்துக்கொண்டு வரும், தேன் குழலின் அடியில் இருப்பதால் குட்டை நாக்குக்கு எட்டாது என்றான் செங்கோடன். இலவம்பூ புளித்த வாடை அடிப்பது வௌவாலுக்காக என்றான். கம்பங்கதிருக்கு ஏன் நிறமும் இல்லை, மணமும் இல்லை என்று கேட்டபோது அவன் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

"அது காத்தை நம்பி இருக்குங்க. காத்துக்குக் கண்ணு ஏது, மூக்கு ஏது? யாருக்காக அலங்காரம் பண்ணணும்? பூந்தூளை அள்ளி அள்ளி வீசுது. பத்தாயிரத்துல ஒண்ணு போய்ச் சேர்ந்தாப் போதும்."

உடனே ராஜாவுக்கு ஆசை பிறந்தது. எந்த விருந்தாளிக்கு எந்தப் பூ என்று வகை வகையாக ஒரு தோட்டம் வேண்டும். ஒரு வருஷத்தில் செங்கோடன் அதைப் போட்டு முடித்தான். விருந்துத் தோட்டம் என்று பேர் வைத்தார்கள். ராஜா பரிவாரத்தோடு சுற்றிப் பார்க்க வந்தார். வடக்கு மூலையில் வெறும் தரை கிடந்தது.

"இங்கே ஒன்றும் இல்லையே?"

"மண்ணுக்குள்ள இருக்குங்க. சேனைக்கிழங்கு. மழை விழுந்ததும் இலை வர்றதுக்கு முன்னால பூ வரும். அழுகின கறி நிறத்துல இருக்கும். பிணம் மாதிரி நாறும். தொட்டாச் சூடாக்கூட இருக்கும்."

பரிவாரத்தில் இருந்தவர்கள் இல்லாத நாற்றத்துக்கே மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அதை ஏன் வைத்தாய்?"

"ஈக்கும் கருவண்டுக்கும் ஒரு பூ வேணுமில்லைங்களா. ஏதோ செத்துக் கிடக்குன்னு நம்பி வரும். உள்ள திங்க ஒண்ணும் இருக்காது. ஈ முட்டை வச்சாலும் குஞ்சு பிழைக்காது. ஏமாந்து, பூந்தூளைச் சுமந்துக்கிட்டுப் போகும். ஒரு சாயங்காலம் நாறும், மறுநாள் அடங்கிரும்."

"என் நாட்டில் பொய் சொல்லுகிற பூவா?" என்று ராஜா அதிகாரிகளைத் திரும்பிப் பார்த்தார்.

"நாங்களாவது சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்கிறோம், மகாராஜா" என்றான் மாசிலான். "அது பாவம், சும்மா சொல்கிறது."

ராஜா சிரித்தார். சிரித்த வேகத்தில் தம் கையிலிருந்த வெள்ளிக் காப்பைக் கழற்றிச் செங்கோடன் கையில் மாட்டிவிட்டார். கூடவே ஒரு உத்தரவும் போட்டார். தம் வாய்ச்சொல் இல்லாமல் அந்தத் தோட்டத்தில் ஒரு செடியைப் பறித்தாலும், ஒரு பிடி மண்ணைத் தோண்டினாலும் தோண்டிய கை மணிக்கட்டோடு போகும்.

பிரதானி எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். மாசிலான் அவர் கண்ணைப் பார்த்தான். அது சேனை நட்டிருந்த வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

முதல் மழை விழுந்த வாரம் செங்கோடனைக் காணவில்லை. வெள்ளிக்கிழமை சபை கூடியபோது பிரதானி எழுந்து சொன்னார்: அரண்மனைத் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த சந்தன மரங்களில் நாலு வெட்டப்பட்டிருக்கின்றன. தோட்டக்காரன் அவற்றை விற்றுவிட்டு, மகாராஜா கொடுத்த காப்போடு எல்லை தாண்டி ஓடிவிட்டான். அவன் மனைவி அரியநாச்சியைக் காவலில் வைத்திருக்கிறோம்.

ராஜாவின் முகம் இறுகியது. அந்த முகம் இறுகினால் யாரும் பேசக்கூடாது. மாசிலான் பேசிவிட்டான்.

"மகாராஜா, நட்ட செடி பூக்கிற வாரத்தில் ஓடுகிற தோட்டக்காரனை நான் பார்த்ததில்லை."

பிரதானி இதற்காகவே காத்திருந்தவர் போல மெல்லத் திரும்பினார். "விகடகவிக்கு அவன் இருக்குமிடம் தெரியும் போலிருக்கிறது. நட்புள்ளவர்களுக்குத் தெரியாமல் போகுமா? அவரே அழைத்து வரட்டுமே."

அதிகாரிகள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ராஜாவைத் தினமும் சிரிக்க வைக்கிறவன்மேல் அவர்களுக்கு இருந்த வயிற்றெரிச்சல் இன்றைக்கு நேற்றைக்கு உண்டானதல்ல.

ராஜா சொன்னார்: "மாசிலா, மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் செங்கோடனை என் சிங்காசனத்தின் முன்னால் கொண்டுவர வேண்டும். தவறினால் அவனுக்கு வைத்த தண்டனை உனக்கு. இரண்டு கைகளும்."

மாசிலான் குனிந்து வணங்கினான்.

மறுநாள் சனிக்கிழமை காவற்கூடத்துக்குப் போனான். அரியநாச்சி மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் வைத்திருந்த சோறு காய்ந்துபோயிருந்தது.

"மதினி, அண்ணன் கடைசியா எப்பப் போனாரு?"

"திங்கக்கிழமை வெள்ளென. கஞ்சிகூடக் குடிக்கலை. வந்து குடிக்கிறேன்னாரு."

"எங்கே போறேன்னாரு?"

அவள் வாசலில் நின்ற காவற்காரனைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மரம் வெட்டினவங்களைக் கண்ணால பாத்துட்டாரு தம்பி. பிரதானியோட ஆளுங்களாம். ராஜாகிட்டச் சொல்லுங்கன்னேன். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல, முதல்ல பிரதானிகிட்டச் சொல்லணும், அவருக்குத் தெரியாமக்கூட ஆளுங்க பண்ணியிருப்பாங்கன்னு சொல்லிட்டுப் போனாரு."

ஒரு நல்ல மனுஷன் முறைப்படி நடந்து எங்கே போய்ச் சேர்ந்திருப்பான் என்பது மாசிலானுக்கு லேசாகத் தெரிய ஆரம்பித்தது.

அங்கிருந்து நேராக விருந்துத் தோட்டத்துக்குப் போனான். வடக்கு மூலையைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தது. ஒரு காவற்காரன் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்னப்பா நாத்தம்?"

"சேனைப் பூ பூத்திருக்குங்க. நாத்தம் தாங்கலை, யாரையும் கிட்ட விடாதேன்னு பிரதானி உத்தரவு."

"வேலி எப்பப் போட்டீங்க?"

"செவ்வாக்கிழமைங்க."

"பூ எப்ப விரிஞ்சுது?"

காவற்காரன் யோசித்தான். "வியாழக்கிழமை சாயங்காலந்தாங்க விரிஞ்சுது. அதுவரைக்கும் மொட்டாத்தான் இருந்துச்சு."

கேட்டதற்குக் காவற்காரன் உண்மையைச் சொன்னான், அவ்வளவுதான். தான் சொன்னது என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை. மாசிலானுக்குத் தெரிந்தது. நாற்றத்துக்காகப் போட்ட வேலி நாற்றத்துக்கு இரண்டு நாள் முந்தியே வந்திருக்கிறது.

"நாத்தம் அடிக்கிற பூவைப் பத்தி ராஜா ஒரு விகடம் கேட்டிருக்காரு" என்று ஏதோ சொல்லி வேலிக்குள் போனான். பூ சரிந்து கறுத்துக் கிடந்தது. மண்டியிட்டு, கையால் தொடாமல், அதன் மேல் முகத்தை வைத்து மோந்தான். ஈர மண் வாசம்தான் வந்தது. பூ தன் பொய்யைச் சொல்லி முடித்து ஒரு நாளாகிவிட்டது. நாற்றமோ மூலையை நிறைத்துக்கொண்டு நின்றது.

நாலடி தள்ளிச் சருகு குவித்திருந்தது. ஈக்கள் பூவை விட்டுவிட்டு அங்கே மொய்த்தன. மழை ஈரத்தில் மண் பிளந்திருந்த இடத்தில் வெள்ளைப் புழுக்கள் கொழுத்து நெளிந்தன. ஏமாந்த ஈயின் குஞ்சு பிழைக்காது என்று செங்கோடன் சொல்லியிருந்தான். இங்கே பிழைத்திருக்கிறது. இங்கே யாரும் ஈயை ஏமாற்றவில்லை.

மாசிலான் எழுந்து நின்றான். தோண்டினால் கை போகும், அது ராஜாவின் உத்தரவு. ராஜாவிடம் தனியாகச் சொல்லலாம் என்றால், பிரதானி கூட நிற்காத நேரம் ராஜாவுக்குக் கிடையாது. வார்த்தை வெளியே போனால் அன்று மாலைக்குள் மண்ணுக்குள் இருப்பது ஆற்றுக்குப் போய்விடும். பாவி, செங்கோடன் வாயால் கேட்டதை வைத்தே செங்கோடனை மறைத்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி காவற்கூடத்துக்குப் போனான். இந்தத் தடவை பிரதானியின் ஆள் ஒருவன் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டான். அரியநாச்சி இன்னும் சாப்பிடவில்லை.

"ஏதாவது தெரிஞ்சுதா தம்பி?"

"இருக்கிற இடம் தெரிஞ்சு போச்சு மதினி. இன்னிக்குச் சாயங்காலம் ராஜா முன்னால இருப்பாரு."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். எடுத்தபோது முகம் வேறு முகமாக இருந்தது. மாசிலான் சோற்றைப் பிசைந்து கொடுத்தான். பிரதானியின் ஆள் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று, எல்லைக் காவலர்கள் செங்கோடனைத் திருடன் என்று பிடித்து, கையில் மண் இருந்ததால் குயவன் என்று விட்டுவிட்டதாக மாசிலான் ஒரு கதையைக் கட்டிச் சொன்னான். பிரதானியின் ஆள் சிரித்தான். அரியநாச்சியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நாலு கவளம் சாப்பிட்டாள். தன் தொழிலை மாசிலான் அன்றைக்கு வெறுத்ததுபோல என்றைக்கும் வெறுத்ததில்லை.

மத்தியானம் சபைக்கு வந்து ராஜாவின் காலில் விழுந்தான்.

"மகாராஜா, கைகள் இருக்கும்போதே ஒரு கடைசி விகடம் நடத்த உத்தரவு வேண்டும். சபை இன்று மாலை விருந்துத் தோட்டத்தில் கூட வேண்டும். சிங்காசனம் சேனைப் பூவின் பக்கத்தில் இருக்க வேண்டும்."

"மகாராஜா, வேண்டாம்" என்றார் பிரதானி அவசரமாக. "அங்கே நாற்றம் சகிக்காது. தங்கள் திருமேனிக்கு ஆகாது."

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தப் பூ பூத்துவிட்டதா? எனக்கு ஏன் சொல்லவில்லை? அது பொய் சொல்லுவதை நான் பார்க்க வேண்டும்."

பதினாறு பேர் சிங்காசனத்தைத் தூக்கினார்கள். அது வாசலில் இடித்து, படியில் சரிந்து, சேற்றில் ஒரு கால் புதைந்து, கடைசியில் வடக்கு மூலையில் சருகுக் குவியலுக்கு எதிரே வந்து உட்கார்ந்தது. ராஜா பட்டுத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறி அமர்ந்தார். பொழுது சாய இன்னும் ஒரு நாழிகை இருந்தது.

"செங்கோடன் எங்கே?" என்றார்.

"மகாராஜா, சிங்காசனத்தின் முன்னால் அவனைக் கொண்டுவரச் சொன்னீர்கள். அவனை அசைக்க என்னால் முடியவில்லை. அதனால் சிங்காசனத்தை அவன் முன்னால் கொண்டுவந்துவிட்டேன். உத்தரவு நிறைவேறிவிட்டது."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சேற்றில் நின்ற சிங்காசனத்தையும், வேர்த்து நின்ற பதினாறு பேரையும் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். அதிகாரிகளும் சிரித்தார்கள். "கெட்டிக்காரன். எந்தப் புதரில் ஒளித்து வைத்திருக்கிறாய்? எழுந்து வரச் சொல்."

"எழுந்து வரும் நிலையில் இல்லை, மகாராஜா. கிடக்கிறான்."

சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது.

"பிரதானியாரே" என்று மாசிலான் திரும்பினான். "இது என்ன நாற்றம்?"

"சேனைப் பூதான். சபைக்கே தெரியும்."

"மகாராஜா, தங்கள் வாய்ச்சொல் இல்லாமல் இங்கே எதையும் பறிக்கக்கூடாது. உத்தரவானால் அந்தப் பூவைப் பறித்துத் தருகிறேன்."

ராஜா தலையசைத்தார். மாசிலான் கறுத்துச் சுருண்ட பூவை இரண்டு கையிலும் ஏந்திக் கொடுத்தான். ராஜா துண்டை விலக்கித் தயங்கித் தயங்கி மோந்தார். மறுபடி மோந்தார். பூவைக் கீழே வைத்துவிட்டுக் காற்றை மோந்தார்.

"இந்தப் பூ நாறவில்லை" என்றார்.

"வியாழன் மாலை விரிந்து, வெள்ளிக்கிழமை அடங்கிவிட்டது. நாற்றத்துக்காகப் போட்ட இந்த வேலி செவ்வாய்க்கிழமை வந்தது. காவற்காரனைக் கேளுங்கள். விருந்தாளிகள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்றும் பாருங்கள், மகாராஜா."

ஈக்கள் சருகின் மேல் கறுப்பாக அப்பியிருந்தன.

"இங்கே தோண்டக்கூடாது என்பது மகாராஜாவின் உத்தரவு" என்றார் பிரதானி.

"தோண்டுங்கள்" என்றார் ராஜா.

ஒரு முழத்தில் முதலில் வந்தது கை. வெள்ளிக் காப்பு அதில் மாட்டியபடி இருந்தது. ராஜா எழுந்து, சிங்காசனத்தைப் பிடித்துக்கொண்டு குமட்டினார். வேலி போட்ட ஆட்களில் ஒருவன் பிரதானியைப் பார்த்தான், பிறகு ராஜாவின் காலடியில் விழுந்து நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டான். பிரதானி ஓடவில்லை. ஓடுவதற்கு ஒரு அடி எடுத்தார், முருக்கமர வேர் தடுக்கி உட்கார்ந்துவிட்டார். அவரை அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் அவர் இல்லை.

இப்படிப்பட்ட கதை கேட்கிறவர்கள், ராஜா சிரித்தாரா, பரிசு கொடுத்தாரா என்று கேட்காமல் எழுந்திருக்க மாட்டார்கள். சிரித்தார், விஷயம் தெரிவதற்கு முன்னால். பரிசும் கொடுத்தார். கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றி நீட்டினார். மாசிலான் அதை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"வேறென்ன வேண்டும்?"

"செங்கோடன் ஓடவில்லை, திருடவில்லை என்று மகாராஜா தம் வாயால் சபையில் சொல்ல வேண்டும். அவன் மனைவி முன்னால் சொல்ல வேண்டும்."

தாம் சொன்னதை மாற்றிச் சொல்லி அந்த ராஜாவுக்குப் பழக்கமில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். காவலிலிருந்து கூட்டிவந்த அரியநாச்சி அதைக் கேட்டாளோ இல்லையோ. அவள் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாடை கட்டும்போது மாசிலான் அவள் பக்கத்தில் போய் நின்றான். அவள் திரும்பாமல் கேட்டாள்.

"காலையிலேயே உனக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியும் மதினி."

"தெரிஞ்சுக்கிட்டா சோத்தைப் பிசைஞ்சு குடுத்தே?"

"பிரதானியோட ஆள் பக்கத்துல நின்னான். நீங்க அழுதிருந்தா, நாங்க வர்றதுக்குள்ள அண்ணனைத் தோண்டி எடுத்து ஆத்துல விட்டிருப்பாங்க. காரியம் பண்ணக்கூட உடம்பு கிடைச்சிருக்காது."

அவள் யோசித்தாள். சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள். பிறகு சொன்னாள்: "ஆனா நான் சிரிச்சேன் தம்பி. அவரு இங்கே மண்ணுக்குள்ள கிடக்கையில நான் சிரிச்சேன். அதை நான் எங்கே கொண்டுபோய் வைக்க?"

பாடையைத் தூக்க மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். நாற்றத்துக்குப் பயந்து மற்றவர்கள் ஒதுங்கி நின்றார்கள். மாசிலான் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு போய் நாலாவது தோளைக் கொடுத்தான்.